முப்பத்தெட்டாம் எண்

ஜனவரி 5, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று. பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு கொஞ்சமும் மாறவில்லை, அதாவது சத்தத்தில். விடுமுறைக்குக் கொடுத்த கணக்குகளைச் செய்யாதவர்கள் எல்லோருக்கும் நோட்டு ஒரே சமயத்தில் தொலைந்துபோயிருக்கிறது. ஒருத்தியின் தம்பி கிழித்துவிட்டானாம், இன்னொருத்தியின் நாய் கடித்துவிட்டதாம். டீச்சர் காதில் நன்றாகப் பூச்சுற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அறுபத்திரண்டு பேருக்கும் நான் எண் சொல்லித்தான் வருகை எடுக்கிறேன். பெயர் சொல்லி எடுத்தால் முதல் பாடவேளையில் பாதி போய்விடும். நான் குனிந்தபடி எண்ணைச் சொல்ல, “உள்ளேன் டீச்சர்” என்று குரல் வரும். குரல் வராத எண்ணை மட்டும் கைப்பேசியில் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. இந்தப் பள்ளியில் முதலில் வருகை எடுத்து முடிப்பது என் வகுப்புதான். தலைமையாசிரியை அதை மேடையிலேயே பாராட்டியிருக்கிறார். காரணமில்லாமல் பாராட்டுகிறவர் இல்லை அவர். மறுநாளே சைக்கிள் வழங்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

டிசம்பரில் வந்த இங்கிலீஷ் டீச்சர் மெர்லின் நாகர்கோவில் பக்கம். சின்ன வயது. மதியச் சாப்பாட்டுக்கு ஆசிரியர் அறைக்கு வருவதில்லை. தண்ணீர்த் தொட்டி பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, என் வகுப்புப் பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். ஒவ்வொரு நாளும் ஒருத்தி. டியூஷனுக்கு ஆள் பிடிக்கிறாள் என்பது என் ஊகம். அரசுப் பள்ளியில் டியூஷன் எடுக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

வீட்டுக் கிரைண்டர் இன்னும் வரவில்லை. மோட்டார் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு போனவர் இப்போது கல்லும் தேய்ந்துவிட்டது என்கிறார். நன்றாக இருந்த கல். என் வீட்டுக்காரர் இவருக்கு இரவில் தோசை இல்லாவிட்டால் தூக்கம் வராது, ஆகவே மாவுக்கடைக்கு நடக்கிறேன்.

ஜனவரி 7, புதன்

மாவுக்கடையில் வழக்கமாக நிற்கும் பூங்கொடி இல்லை. பதிலாக ஒரு பெண். தலையில் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தை மாவு டிரம்முக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் கேட்டதை அளந்து ஊற்றியவள், கவரைக் கட்டும் முன் மேலும் ஒரு கரண்டி ஊற்றினாள். “எதுக்கு?” என்று கேட்டேன். கவரைக் கட்டி நீட்டினாள்.

வியாபாரத்தில் கேட்காமல் யாரும் கூடுதலாகப் போடமாட்டார்கள். மாவில் தண்ணீர் அடித்திருக்கிறாள், அல்லது நேற்றைய மாவைத் தள்ளிவிடுகிறாள். “புளிச்சிருக்குதா?” என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டில் வந்து வாயில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் முகத்தைக் காட்டாதவர்களை நான் நம்புவதில்லை.

ஜனவரி 9, வெள்ளி

சிறுதேர்வு வைத்தேன். இரவு திருத்திக்கொண்டிருந்தபோது மூக்கில் வியர்த்தது. முப்பத்தெட்டும் ஐம்பத்தேழும் ஒரே தவறைச் செய்திருக்கிறார்கள். காரணிப்படுத்தும் கணக்கில், அதே வரியில், கழித்தல் குறி கூட்டலாகிவிட்டிருக்கிறது. அதற்குப் பிறகு கடைசிவரை இரண்டு தாளும் கைகோத்துக்கொண்டு தப்பான வழியில் போயிருக்கின்றன. ஒரு கையெழுத்து இடப்பக்கம் சாய்கிறது, மற்றது வலப்பக்கம். என்னை ஏமாற்றச் சாய்த்து எழுதினால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

யார் யாரைப் பார்த்து எழுதியது என்பதுதான் தெரியவேண்டும். ஐம்பத்தேழு பொதுவாகத் தேறிவிடுகிற எண். முப்பத்தெட்டு அரையாண்டில் வாங்கியது இருபத்தொரு மதிப்பெண். களவு எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டியதில்லை.

இவர் எட்டிப் பார்த்து, “அந்தப் புள்ளைக பேரு என்ன?” என்றார். எண்ணைச் சொன்னேன். “ஜெயில்லதான் அப்பிடிக் கூப்புடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அறுபத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒரு நாள் இவர் கத்திப் பார்க்கட்டும்.

ஜனவரி 12, திங்கள்

இன்று கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

“முப்பத்தெட்டு எந்திரி” என்றேன். வகுப்பே ஊசி விழுந்தால் கேட்கும்படி அடங்கிப்போனது. எந்திரிக்கக் காணோம். “யாரு முப்பத்தெட்டு?” என்று மறுபடி கேட்டதும் நடுவரிசையிலிருந்து ஒருத்தி மெதுவாக எழுந்தாள். இரட்டைச் சடை, ஒல்லி, கண்ணாடி. முன்வரிசைக்கு வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்தாள். “ஐம்பத்தேழு?” என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. “அங்கேயே இரு, அசையாதே” என்று சொல்லிவிட்டு மறுபடி ஒரு சிறுதேர்வு வைத்தேன். ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால், நடுவில் நான். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

முப்பத்தெட்டு குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். எல்லோரும் முடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தாள். சுறுசுறுப்பாக எழுந்து மற்றவர்களின் தாள்களையும் அவளே வாங்கி அடுக்கிக் கொடுத்தாள். பிடிபட்டவர்களுக்கு வரும் திடீர்ப் பணிவு இது.

வீட்டில் வந்து பிரித்தால் இரண்டு தாளும் மறுபடி ஒன்று! இந்த முறை வேறு கணக்கில், வேறு தவறு, ஆனால் இரண்டிலும் அதே தவறு. வகுப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவே எப்படிப் போகிறது? சாடை காட்டுகிறார்களா? அல்லது கேள்வி முன்கூட்டியே வெளியே போகிறதா? என் மேசையில் இருந்த கேள்வித்தாளைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்து நாற்காலிக்காரி. மெர்லின்.

ஜனவரி 13, செவ்வாய்

ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். “தினமும் பொண்ணுகளக் கூப்புட்டு வெச்சு என்ன பேசறீங்க டீச்சர்?”

“சும்மா பேசிட்டிருப்போம் டீச்சர்.”

“ஐம்பத்தேழுகிட்டப் பேசுனீங்களா?”

அவள் விழித்தாள். “பேரு சொல்லுங்க டீச்சர். நம்பர் எனக்குத் தெரியாதுல்லா.”

எனக்குப் பெயர் உடனே வரவில்லை. அதனால் பேச்சை மாற்றிக்கொண்டேன். ஆனால் ‘தெரியாதுல்லா’ என்று சொன்னபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. எதையோ மறைக்கிறாள்.

ஜனவரி 17, சனி

பொங்கல் விடுமுறை. மகள் பெங்களூரிலிருந்து வரவில்லை, வேலையாம். கரும்பு வாங்கி யாருக்கு என்று இவர் வாங்கவே இல்லை.

மாவுக்கடைப் பெண் இப்போதெல்லாம் துண்டு போடுவதில்லை. அது மட்டுமில்லை, நேருக்கு நேர் நின்று என்னையே பார்க்கிறாள். கவரை நீட்டிவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். “வேற ஏதாச்சும் கேக்கோணுங்களா டீச்சர்?” என்றாள்.

நான் டீச்சர் என்று இவளுக்கு யார் சொன்னார்கள்? பூங்கொடியிடம்கூட நான் சொன்னதில்லை. இந்த ஊரில் ஒருத்திக்கு அரசுச் சம்பளம் என்று தெரிந்துவிட்டால் கறிவேப்பிலைக்குக்கூட விலை ஏறும். “ஒண்ணும் வேண்டாம், மாவு மட்டும் புளிக்காம இருந்தாப் போதும்” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அடுத்த ஆளுக்கு ஊற்றாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அந்த ஆள் சத்தம் போட்டார்.

ஜனவரி 19, திங்கள்

முப்பத்தெட்டுக்குச் சளி பிடித்திருக்கிறது போல, வருகை சொல்லும் குரல் கரகரக்கிறது. பாடம் நடத்தும்போது கேள்வி கேட்டால் நல்ல குரலில் பதில் சொல்கிறாள். பதிலும் சரியாகச் சொல்கிறாள். இருபத்தொன்று வாங்கியவள் திடீரென்று இப்படிச் சொல்கிறாள் என்றால் வீட்டில் யாரோ பாடம் எடுக்கிறார்கள். யார் என்பதும் எனக்குத் தெரியும், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துதான் எடுக்கிறாள்.

ஜனவரி 21, புதன்

மெர்லின் இன்று தானாக என் மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், உங்க கிளாஸ்ல சங்கவின்னு ஒரு பிள்ள. பொங்கலுக்கு முன்னாடியிருந்து கூப்பிட்டு விடுறேன், வரவே மாட்டேங்கு. இன்னைக்கு வயித்துவலி, நாளைக்கு நோன்புன்னு யாராவது வந்து சொல்லிட்டுப் போறா. அந்தப் பிள்ளைய நான் பாத்ததே இல்ல டீச்சர்.”

பதிவேட்டில் பார்த்தேன். சங்கவி, முப்பத்தெட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு நாள்கூட லீவு போடல அவ. முன்வரிசையில என் மூக்குக்கு நேரா உக்காந்திருக்கறா. ரெட்டைச் சடை, கண்ணாடி.”

“அது யோகிதா டீச்சர்” என்றாள் மெர்லின்.

வந்து ஒன்றரை மாதம் ஆகாதவள், ஜூன் மாதத்திலிருந்து இந்த வகுப்பை நடத்துகிற எனக்கு யார் யாரென்று சொல்லிக்கொடுக்கிறாள். “நீங்க உங்க கிராமரைப் பாருங்க, என் வகுப்ப நான் பாத்துக்கறேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள்தான் குழம்பியிருக்கிறாள். கண்ணாடி போட்ட பெண்கள் எல்லோரும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

ஜனவரி 22, வியாழன்

இன்று எண் சொல்லும்போது தலையை நிமிர்த்திக்கொண்டேன்.

முப்பத்தெட்டு என்றதும் முன்வரிசைப் பெண் வாயைக் கையால் மூடிக்கொண்டு கரகரத்த குரலில் “உள்ளேன் டீச்சர்” என்றாள். ஐம்பத்தேழு என்றதும் கையை எடுத்துவிட்டு அதே பெண் நல்ல குரலில் “உள்ளேன் டீச்சர்” என்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதை அப்போதுதான் கவனித்தாள். உதடு அப்படியே நின்றுவிட்டது.

வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். யோகிதாதான். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பேசினாள்.

“சங்கவியோட அம்மா வழுக்கி விழுந்து கை முறிஞ்சு போச்சுங்க. ஒரு வாரத்துல வந்தர்றேன்னாளுங்க டீச்சர். அதுவரைக்கும் அவளுக்கும் சேத்து உள்ளேன் சொல்லுன்னா, சொன்னேன். அப்பறம் வரவே இல்லீங்க. நிறுத்துனா மாட்டிக்குவோம்னு பயத்துல ரெண்டு பேப்பரும் நானே எழுதிட்டேனுங்க. அன்னிக்கு ஐம்பத்தேழுன்னு பின்னாடி கை தூக்குனது வேற புள்ளைங்க, நான்தான் கண்ணக் காட்டுனேன்.”

“எத்தன நெஞ்சழுத்தம் உனக்கு! என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டு…”

“உங்களுக்குத்தான் தெரியுமேங்க டீச்சர்.”

“எனக்கு என்ன தெரியும்?”

“தெனமும் சாயங்காலம் அவளப் பாக்கறீங்க. டீச்சர் பாத்துட்டு ஒண்ணுமே சொல்றதில்ல, கண்டுக்க மாட்டாங்கன்னு அவ சொன்னாளுங்க. முப்பத்தெட்டுன்னு நான் எந்திரிச்சப்பவும் நீங்க கண்டுக்கலீங்க. எனக்குத்தான் நம்பிக்கை வரலீங்க. அதான் உசாரா இருந்தேன்.”

“எங்க பாக்கறேன்?”

“மாவுக்கடையிலங்க” என்றாள்.

இதற்கு மேல் எழுத இன்று முடியவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

நேற்று மாவு வாங்கப் போகவில்லை. ரவை உப்புமா கிண்டினேன். இவர் தட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாப்பிட ஆரம்பித்தார்.

நியாயமாக யோசித்துப் பார்க்கிறேன். சீருடையில் பார்த்த பெண்ணைக் கடையில், நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு பார்த்தால் யாருக்குத் தெரியும்? அறுபத்திரண்டு பேர். தமிழ், அறிவியல், சமூக அறிவியல் எடுக்கிறவர்களும்தான் தினமும் அந்த வகுப்புக்குப் போகிறார்கள். அவர்கள் கண்ணிலும் படவில்லையே. ஆனால் அவர்கள் அவளிடம் மாவு வாங்கவில்லை.

பள்ளி திறந்ததிலிருந்து அவள் ஒரு நாள்கூட வரவில்லை. பதிவில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. கையெழுத்து என்னுடையது. மெர்லின் இதைத் தலைமையாசிரியையிடம் கொண்டுபோவாள் என்று உறுதியாகத் தோன்றியது. அதற்கு முன் நானே போய்ச் சொல்லிவிட்டேன். நேர்மையால் என்று இங்கே எழுத ஆசைதான். பயத்தால்தான்.

தலைமையாசிரியை கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “இவ்வளவு சர்வீஸ்ல இருக்கற நீங்களா டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். பிறகு சொன்னார்: “பிப்ரவரி ரெண்டாந்தேதி திருப்புதல் தேர்வு. அன்னிக்கு அந்தப் பொண்ணு ஹால்ல உக்காந்திருக்கோணும். திருப்புதலுக்கு வராதது பொதுத்தேர்வுக்கும் வராது, நான் எத்தனையோ பாத்துட்டேன். உங்க மெமோவ அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல அவளக் கூட்டிட்டு வாங்க.”

வெளியே வந்தபோது மெர்லின் விடைத்தாள் கட்டோடு எதிரே வந்தாள். யாரிடமும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. அதுவும் ஒரு தந்திரமாக இருக்கலாம்.

ஜனவரி 24, சனி

காலையில் கடைக்குப் போனேன். மாவு வாங்க இல்லை. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பூங்கொடி கையில் மாவுக்கட்டோடு எழுந்து வந்தாள். “வாங்க டீச்சர், உள்ள வாங்க. உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னே தெரியல. எம்பட புள்ளை இங்கன நிக்கறதத் தெரிஞ்சும் ஒரு வார்த்தை திட்டாம, அட்டெண்டன்ஸும் போட்டுட்டு… வேற எந்த டீச்சருங்க இப்பிடிப் பெருந்தன்மையா இருப்பாங்க? எங்க குடும்பக் கஷ்டம் உங்களுக்குத்தான் புரிஞ்சுது.”

நான் மறுக்கவில்லை. “பரவால்ல பரவால்ல” என்றேன். அந்த அம்மாள் கண் கலங்கி நிற்கும்போது எதற்கு மறுக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காது மட்டும் சூடாக இருந்தது.

அவளுடைய அக்கா ஊரிலிருந்து வந்து கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறாளாம். திங்கட்கிழமை கொடியேற்றம், செவ்வாய்க்கிழமையிலிருந்து சங்கவி பள்ளிக்கு வரலாம் என்றாள். கேட்டதும் எனக்குப் பாரம் இறங்கியது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

“நான் வரலீங்க” என்றாள் சங்கவி, சாய்வு கிரைண்டரைக் கழுவியபடியே.

அம்மா அதட்டினாள், கெஞ்சினாள். பெண் நிமிரவே இல்லை. “இனி எதுக்கு” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. இந்த வயதில் இப்படி ஒட்டாரம் பிடித்தால் காரணம் கைப்பேசியில் இருக்கும் என்பது என் அனுபவம். எவனோ ஒருவன் இருக்கிறான். “போன் வெச்சிருக்கறாளா?” என்று பூங்கொடியிடம் தனியே விசாரித்தேன். வீட்டுக்கே ஒரு போன்தானாம், அதுவும் பட்டன் போன்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். மிட்டாய். சங்கவி வரவில்லை.

எல்லோரும் போன பிறகு மெர்லின் மட்டும் அந்தப் பெஞ்சில் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். போய் உட்கார்ந்தேன். பெஞ்ச் சுட்டது. “டியூஷன் எடுக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டேன். இத்தனை நாள் மனதில் வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

அவள் கோபப்படவில்லை. “நான் ஹாஸ்டல்ல இருக்கேன் டீச்சர். எங்க வச்சு எடுக்க?”

“அப்பறம் அதுககிட்ட என்னதான் கேக்கறீங்க?”

“ஒண்ணும் கேக்க மாட்டேன். டிபன்பாக்ஸ்ல என்னன்னு மட்டும் கேப்பேன். பொறவு அதுகளே பேசும்.”

இதை நம்பவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவள் திரும்பி, “அந்தப் பிள்ள உங்க மேலதான் கோவமா இருக்கும் டீச்சர். வேற யாரு மேலயும் இருக்காது” என்று சொல்லிவிட்டுப் போனாள். எப்படித் தெரியும் என்று கேட்க நேரம் கிடைக்கவில்லை. என் மேல் கோபப்பட நான் என்ன செய்தேன்? நான் அவளிடம் பேசியதே இல்லையே.

ஜனவரி 27, செவ்வாய்

வரவில்லை. முப்பத்தெட்டு என்று சொன்னேன். யாரும் குரல் கொடுக்கவில்லை. கைப்பேசியில் தட்டினேன்.

ஜனவரி 28, புதன்

பள்ளி விட்டதும் நேரே கடைக்குப் போனேன். மாலைக் கூட்டம் வருவதற்கு முன் போய்விடவேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போனேன். பூங்கொடி அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். சங்கவி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்தேன். அவள் பாத்திரத்துத் தண்ணீரை மாற்றினாள்.

என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஜூனிலிருந்து இந்தப் பெண்ணுக்குக் கணக்கு நடத்துகிறேன். கேட்பதற்கு ஒரு கேள்வி இல்லை என்னிடம். வெட்கத்தை விட்டு, “மத்தியானம் என்ன சாப்பிட்ட?” என்றேன்.

“தோசைங்க. மூணு வேளையும் தோசைதானுங்க” என்றாள். லேசாகச் சிரிப்பு வந்தது அவளுக்கு. எனக்கும்.

பிறகு களைகிற கையை நிறுத்தாமலே பேச ஆரம்பித்தாள்.

“மொத நாளு நீங்க மாவு வாங்க வந்தப்ப உசுரே போயிருச்சுங்க. துண்ட எடுத்துத் தலையில போட்டுக்கிட்டேன். நாளைக்கு கிளாஸ்ல எந்திரிக்க வெச்சுக் கேப்பாங்க, யோகி மாட்டிக்குவான்னு இருந்தேன். நீங்க கேக்கலைன்னு அவ சொன்னா. அடுத்த நாளும் வந்தீங்க, அப்பவும் கேக்கல. அப்பறம் துண்ட எடுத்துட்டேனுங்க. மூஞ்சிக்கு நேரா நின்னேன். ‘ஏன் புள்ள வரலை’ன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு. நீங்க மாவு புளிச்சிருக்குதான்னு கேட்டுட்டுப் போயிருவீங்க.”

நான் டின்னின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா நீங்க நல்ல மனசுங்கறாங்க. எனக்கு அப்பிடித் தோணலீங்க. இவளுக்கெல்லாம் படிப்பு ஏறாது, மாவு ஊத்தத்தான் லாயக்குன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். கோவமாத்தான் இருந்துச்சு. அப்பறம், கணக்குல இருபத்தொண்ணு வாங்குனவ கோவப்பட்டு என்ன பண்றது? டீச்சரே வேண்டாம்னு விட்டதுக்கப்பறம் எதுக்குங்க வாரது?”

ஒரு பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. உன் அம்மா சொல்வதுதான் சரி, உன் கஷ்டம் தெரிந்துதான் சும்மா இருந்தேன் என்று சொல்லிவிடலாம். எனக்கும் மரியாதை மிஞ்சும். ஆனால் அப்படிச் சொன்னால், பார்த்துவிட்டுக் கேட்காமல் போனது உண்மை என்றாகிவிடும். அவள் வரமாட்டாள்.

“எனக்கு உன்ன அடையாளமே தெரியல, சங்கவி” என்றேன்.

கை நின்றது. “பொய் சொல்றீங்க டீச்சர்.”

“நெசமாத்தான். கடையில இருக்கறது நீதான்னு எனக்குத் தெரியாது. கிளாஸ்லயும் உன்னத் தெரியாது. யோகிதாவ நீன்னு நெனச்சு முன்னாடி உக்கார வெச்சுத் தெனமும் மொறச்சுப் பாத்துட்டு இருந்தேன்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் எல்லோரையும் பார்க்கிற அதே பார்வை. எங்கே பொய் ஒளிந்திருக்கிறது என்று என் முகத்தில் தேடினாள். கிடைக்கவில்லை. திடீரென்று சிரித்தாள். ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள்.

“அப்ப என்னைய வேண்டாம்னு விடலீங்களா?”

“இல்ல.”

“தெரியாமத்தானா?”

“தெரியாமத்தான்.”

“அய்யோ டீச்சர்!” என்று பெருமூச்சு விட்டாள். முகமே மாறிவிட்டது. “நான் வேற என்னென்னவோ நெனச்சு, ராத்திரியெல்லாம் அழுதேனுங்க. நாளைக்கு வரட்டுங்களா? பெரியம்மா வந்துட்டாங்க. சூத்திரமெல்லாம் மறந்துபோச்சு, திட்டக் கூடாது.”

வா என்றேன். திட்டமாட்டேன் என்றேன். கூட்டம் வர ஆரம்பித்தது, எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது அழுகை வந்தது. ஒரு பெண்ணிடம் போய், எட்டு மாதம் உனக்குப் பாடம் எடுத்தும் நீ யாரென்றே எனக்குத் தெரியாது என்று சொல்கிறேன். அதை அவள் நல்ல செய்தியாகக் கேட்டுச் சந்தோஷப்படுகிறாள். மெமோவை நினைத்து நான் இவ்வளவு வெட்கப்படவில்லை.

ஜனவரி 29, வியாழன்

வந்துவிட்டாள். யோகிதா அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். இருவரையும் நான் பிரிக்கவில்லை.

இன்று பெயர் சொல்லி வருகை எடுத்தேன். கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து, குரல் வந்த முகத்தைப் பார்த்தேன். ஒருத்திக்குப் புருவத்தில் தழும்பு இருக்கிறது. ஒருத்தி உள்ளேன் என்று சொல்லும்போதே கொட்டாவி விடுகிறாள். நாலைந்து பெயர் தாண்டுவதற்குள் வகுப்பில் இருந்த சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. எனக்குப் பிடித்த அமைதிதான், ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. ஒருத்தி முதுகை நிமிர்த்திக்கொண்டாள். ஒருத்தி பையை மேசைக்கு அடியில் தள்ளினாள். ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். நான் யாரைப் பிடிக்கப்போகிறேன் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

நடுவரிசையில் ஒரு பெண் பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்றாள்.

“நாங்க என்ன தப்புங்க பண்ணுனோம் டீச்சர்?”

அவளை உட்காரச் சொல்ல வாயெடுத்தேன். பெயர் தெரியவில்லை.